ஸ்டம்ப் அசைந்ததை நான் பார்க்கவில்லை

எண்ணூர்ப் பக்கம் கடலை ஒட்டிய மைதானங்களில் மதியம் ஒரு மணிக்கு மேல் பெயில்ஸ் நிற்காது. கடற்காற்று கிளம்பிவிட்டால் இரண்டு குச்சியும் தானாக உருண்டு விழும். எடுத்து வைப்போம், விழும். மறுபடி எடுத்து வைப்போம், மறுபடி விழும். மூன்றாவது முறை விழுந்ததும் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, "இனிமே பெயில்ஸ் இல்லாமதான் ஆட்டம்" என்று சொல்லிவிட்டு அவற்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வோம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த நொடியிலிருந்து ஸ்டம்பில் பந்து பட்டதா இல்லையா என்பதற்கு அம்பயரின் கண்ணை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அப்படிப் பெயில்ஸ் இல்லாத ஒரு செமிஃபைனலில்தான் நான் ஒரு பையனுக்கு அநியாயம் செய்தேன்.

கவர் பக்கம் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்கு ஓடினார்கள். கவரில் நின்ற பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். பாய்ந்து எடுத்து, ஒரே ஸ்டம்ப் மட்டும் தெரியும் கோணத்திலிருந்து என் முனைக்கு எறிந்தான். பந்து போகும் பக்கத்துக்கே அம்பயரும் ஓட வேண்டும். அப்போதுதான் கோடும் ஸ்டம்பும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். முப்பது வருடமாக நான் இளசுகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்று என் கால் எழவில்லை. முந்தின ராத்திரி பத்து மணிக்குக் கன்டெய்னர் யார்டில் வேலைக்கு ஏறியவன், காலை ஆறரைக்குத்தான் இறங்கினேன். குளித்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு டாஸ் போட்டேன். இரண்டரை மணிக்கு அந்த எறி வந்தபோது, இரண்டு அடி வைக்க வேண்டிய இடத்தில் அரை அடிதான் வைத்தேன். பேட்ஸ்மேன் என் பார்வையை மறைத்தான். பந்து ஸ்டம்பை உரசிய மாதிரியும் இருந்தது, உரசாத மாதிரியும் இருந்தது. சந்தேகம் இருந்தால் அவுட் கொடுக்கக் கூடாது. நாட் அவுட் என்றேன். அந்த பேட்ஸ்மேன்தான் கடைசிவரை நின்று ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான்.

சாயங்காலம் அந்தப் பையனின் அப்பா வந்தார். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். சத்தம் போடவில்லை. "அண்ணே, இத்த கொஞ்சம் பாருங்கண்ணே" என்று செல்போனை நீட்டினார். யாரோ எடுத்த வீடியோ. பந்து உரசுகிறது, ஆஃப் ஸ்டம்ப் லேசாக ஆடி நிற்கிறது, பேட்ஸ்மேனின் மட்டை இன்னும் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன். "தப்பு என்னுதுதான்பா" என்றேன். "சரிண்ணே, வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கமிட்டிக்காரர்கள் அன்று எனக்குப் பேசியது 600 ரூபாய். "டிசிஷன் தப்பாச்சே தலைவரே, டீமுங்க கத்துறானுங்க" என்று 200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 400 கொடுத்தார்கள். மேடையில் ஆள் உயரக் கோப்பை ஒன்று நின்றது. முதல் பரிசு 1 லட்சம். ஒலிபெருக்கி, பந்தல், பட்டாசு, வருகிற பிரமுகர்களுக்குச் சால்வை என்று எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. இரண்டாவது அம்பயருக்கு மட்டும் இல்லை. ஒரு முனைக்கு ஒருவர் என்று இரண்டு அம்பயர்கள் நிற்க வேண்டும் என்பது கிரிக்கெட்டின் அடிப்படை விதி. எங்கள் பக்கம் லெக் அம்பயராக நிற்பது பேட்டிங் டீமில் அவுட்டாகி வந்தவன். தன் டீமுக்கே ரன் அவுட் கொடுக்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்? அதனால் அந்த முனையையும் சேர்த்து நானேதான் பார்க்கிறேன். காலையிலிருந்து மாலைவரை நின்ற நிலையில், இரண்டு முனைக்கும், ஒரே ஜோடிக் கண்.

என் தப்பை நான் மறைக்கவில்லை. அதை ஊரறியச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தத் தப்பில் எனக்கு மட்டும்தான் பங்கா? அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

அம்பயரின் வேலை என்ன என்று வெளியில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பந்து வீசுபவன் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அடுத்த கணமே கண்ணை உயர்த்தி இருபத்திரண்டு கஜத்துக்கு அப்பால் பார்க்க வேண்டும். வேகமான பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிதான் எடுக்கும். அதற்குள் எங்கே குத்தியது, காலில் எந்த உயரத்தில் பட்டது, படாமல் போயிருந்தால் ஸ்டம்புக்குப் போயிருக்குமா, முதலில் மட்டையில் பட்டதா, எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஐம்பது ஓவர் ஆட்டம் என்றால் இரண்டு இன்னிங்ஸுக்கும் சேர்த்து 600 பந்து. 599 பந்தைச் சரியாகப் பார்த்ததற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். தட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஒரு பந்தில் தவறினால் அம்மாவைச் சேர்த்துத் திட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

2019 மார்ச் 28. பெங்களூரு அணிக்கும் மும்பை அணிக்கும் ஐபிஎல் ஆட்டம். மலிங்கா வீசிய கடைசிப் பந்து நோபால், கால் கோட்டைத் தாண்டியிருந்தது. அந்த முனையில் நின்றவர் நம் சென்னைக்காரர் சுந்தரம் ரவி. அப்போது ஐசிசியின் உச்ச அம்பயர் குழுவான எலீட் பேனலில் இருந்த ஒரே இந்தியர். அவர் கவனிக்கவில்லை. பெங்களூரு 6 ரன்னில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் விராட் கோலி கோபத்தோடு பேசினார்: நாங்கள் ஆடுவது ஐபிஎல், கிளப் கிரிக்கெட் இல்லை, அம்பயர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

அவர் கோபம் நியாயம். தோற்றவனுக்கு வலிக்கும். ஆனால் "கிளப் கிரிக்கெட்" என்று அவர் சொன்ன விதம் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. கிளப் கிரிக்கெட் என்றால் அம்பயர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் இடமா? கோலி எந்தக் கிரிக்கெட்டிலிருந்து வந்தார்? ரவி எந்தக் கிரிக்கெட்டிலிருந்து வந்தார்? டெல்லியிலும் சென்னையிலும் ஏதோ ஒரு மைதானத்தில், நூறுக்கும் இருநூறுக்கும் வெயிலில் காய்ந்த ஏதோ ஒரு அம்பயர் கையைத் தூக்கியும் தூக்காமலும்தானே இவர்கள் எல்லாம் ஆளானார்கள்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஐபிஎல்லில் முன்னங்கால் நோபாலைப் பார்க்க மூன்றாவது அம்பயரை வைத்துவிட்டார்கள். அங்கே கண் தவறினால் கேமரா இருக்கிறது. எங்களுக்கு இருப்பது காசிமேட்டுக்காரர் கையில் இருந்த செல்போன் மட்டும். அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐசிசி 2002இல் எலீட் பேனலை அமைத்தபோது அதில் இருந்த இந்தியர் நம் வெங்கட்ராகவன். 57 டெஸ்ட் ஆடியவர், 73 டெஸ்டுக்கு அம்பயராக நின்றவர். 2004இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த இந்தியர் அந்தப் பேனலுக்குள் போனது 2015இல், ரவி. 2019இல் அவரையும் எடுத்துவிட்டார்கள். 2020இல் நிதின் மேனன் வரும்வரை மறுபடியும் ஒருவரும் இல்லை. தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடும் நாடு இது. உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம் நம்முடையது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு அம்பயர்கூட மேலே போகவில்லை என்றால், நம் ஜனத்துக்குக் கண்ணில் கோளாறா?

2022 ஜூலையில் அகமதாபாத்தில் பிசிசிஐ ஒரு அம்பயர் தேர்வு நடத்தியது. பெண்கள் ஆட்டங்களுக்கும் ஜூனியர் ஆட்டங்களுக்கும் ஆள் எடுக்கும் தேர்வு. எழுத்து, வாய்மொழி, வீடியோ, உடல்தகுதி என்று நான்கு கட்டம். எழுதியவர்கள் 140 பேர். தேறியவர்கள் 3 பேர். செய்தியைப் படித்தவர்கள் கேள்விகள் எவ்வளவு கடினம் என்று வியந்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த 137 பேரில் எத்தனை பேர் ஓ.டி. முடித்து ரயில் ஏறிப் போயிருப்பார்கள்? எத்தனை பேருக்கு ஒரு மாதம் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்திருக்கும்? அதே வருடம்தான் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடிக்குப் போனது. அதே வருடம்தான் அம்பயர்களைத் தரம் பிரித்து, மேல் பிரிவினருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், மற்றவர்களுக்கு 30,000 ரூபாய் என்றார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர்கள் உழைப்புக்கு அது தகும். ஆனால் அந்த ஏணியின் கீழ்ப்படிகள் எங்கே? 600 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்கு ஒருவன் ஏற வேண்டும் என்றால், நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து வருடம் அவன் குடும்பம் எதைச் சாப்பிடும்?

ஒரு சமயம் என்னோடு லெக் அம்பயராக நிற்கவே ஒரு பையன் வந்தான். திருவொற்றியூர்க்காரன், இருபத்துநாலு வயது. 42 விதியும் மனப்பாடம். காற்றில் பந்து திரும்புவதை அவன் பார்க்கும் விதத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் நம்மைத் தாண்டிப் போவான் என்று. இரண்டு சீசன்தான் நின்றான். "அண்ணே, சாப்பாடு டெலிவரிக்கு ஞாயித்துக்கிழமதான் நல்ல காசு. மேட்சும் ஞாயித்துக்கிழமதான். வூட்ல ஒத்துக்க மாட்டறாங்க" என்றான். என்னால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எங்கள் தெருவுக்கே பிரியாணிப் பொட்டலம் கொண்டு வருகிறான். என்னைப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கழற்றி, "எந்த கிரவுண்டுண்ணே இந்த வாரம்?" என்று கேட்பான். நல்ல கண் போய்விட்டது. யார் மிச்சம்? விட்டுப் போக மனசில்லாத என்னைப் போன்ற கிழங்களும், 600 ரூபாய்க்கு வேறு வழியில் கூடுதல் தேடிக்கொள்ளத் தெரிந்தவர்களும்.

அம்பயர் கூலி எந்தக் காலத்திலும் பெரிதாக இருந்ததில்லை. அந்தக் காலத்தில் அது உறைக்காமல் இருந்ததற்குக் காரணம், அம்பயருக்கு நிரந்தர வேலை இருந்ததுதான். 1986இல் லாகூரில் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் ஆடிய டெஸ்டுக்கு நடுநிலை அம்பயர்களாகப் போன இருவரில் ஒருவர் பிலூ ரிப்போர்ட்டர், இன்னொருவர் வி.கே. ராமசாமி. மூன்றாவது நாட்டு அம்பயர் என்கிற வழக்கத்துக்கே வழி திறந்த ஆட்டங்களில் ஒன்று அது. அந்தப் பிலூ ரிப்போர்ட்டர் மகாராஷ்டிர மின்வாரிய ஊழியர். எங்கள் பக்கமும் அப்படித்தான். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் ஆலைகளிலும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள்தான் சனி ஞாயிறில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆலைக்கு மைதானம் இருந்தது, டீம் இருந்தது, ஆடுபவனுக்கும் அம்பயருக்கும் லீவு கிடைத்தது. என் அப்பா தீப்பெட்டி ஆலையில் இருந்தார். அவர் மாதச் சம்பளத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் சேர்த்தி. அம்பயருக்கு நிஜத்தில் சம்பளம் கொடுத்தது கிரிக்கெட் இல்லை, அந்த ஆலைகள்தான்.

இன்று திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை போய்ப் பாருங்கள். எந்த கேட்டிலும் முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்ட். நானும் கான்ட்ராக்ட்தான். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை கட்டி நிற்கிறதே கன்டெய்னர் லாரி, அதன் முதுகில் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். ராத்திரி முழுக்க டார்ச் அடித்து அந்த எண்ணையும் சீல் நம்பரையும் எழுதுவது என் பிழைப்பு. ஒரு எழுத்து மாறினால் கூலியில் பிடிப்பார்கள். ராத்திரி அங்கே கண்ணை விற்கிறேன். மிச்சம் இருக்கிற கண்ணைத்தான் பகலில் கிரிக்கெட்டுக்குக் கொடுக்கிறேன். 2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் மிதந்தபோதும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் ஓடியபோதும் எங்களைப் பற்றி இந்த நகரம் கொஞ்ச நாள் பேசியது. இங்கே மைதானமும் உண்டு, அதில் ஆடும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதன் வெயிலில் நிற்கிறான் என்று யாராவது பேசியதுண்டா?

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே பெரம்பூரில்தான் பிறந்தது. பி அண்ட் சி மில் தொழிலாளிகளோடு திரு.வி.க.வும் வாடியாவும் நின்ற மண் இது. கூலி கேட்பது எங்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகு கூலி கேட்டால், "விளையாட்டுக்கு சேவை பண்ற எடத்துல காசு பத்தி பேசறியே" என்கிறார்கள். பந்தல்காரரிடமும் பட்டாசுக்காரரிடமும் யாரும் சேவை என்று பேசுவதில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அங்கே அம்பயரிங் முழுநேரத் தொழில். பெரிய லீகுக்குப் போகும் முன் சின்ன லீகுகளில் ஊர் ஊராகச் சுற்றிப் பல வருடம் காய வேண்டும். அந்தச் சின்ன லீக் அம்பயர்கள் கூலி போதவில்லை என்று 2006 சீசன் தொடக்கத்தில் வேலை நிறுத்தம் செய்தார்கள். லீகுகள் மாற்று ஆட்களை நிறுத்தி ஆட்டத்தை ஓட்டின. அந்த ஏப்ரலில் டெல்மன் யங் என்ற ஆட்டக்காரர் ஒரு தீர்ப்பால் ஆத்திரமடைந்து மட்டையை வீசினார். அது மாற்று அம்பயர் மேல் பட்டது. யங்குக்கு 50 ஆட்டம் தடை. ஜூனில்தான் பழைய அம்பயர்கள் திரும்பி வந்தார்கள். அந்தச் செய்தியை நான் படித்தபோது, மட்டையடி வாங்கிய அந்த முகம் தெரியாத மனிதனுக்காக மனசு கலங்கியது. நானும் ஒருமுறை தலையில் தண்ணீர் பாட்டிலால் அடி வாங்கியவன். அவனாவது அம்பயர்கள் சேர்ந்து நின்ற ஊரில் அடி வாங்கினான். இங்கே நான் வர மாட்டேன் என்றால், 400 ரூபாய்க்கு வர இன்னொருவன் மைதானத்து வாசலிலேயே நிற்கிறான். அவனுக்கு எல்பிடபிள்யூ தெரியாது. கமிட்டிக்கு அது பொருட்டும் இல்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஃபைனலுக்கு முன்னால், ஒரு டீமின் ஆள் என் கோட்டுப் பையில் மடித்த நோட்டுகளைச் சொருகினார். "டீ சாப்டுங்கண்ணே, வேற ஒண்ணும் வாணாம், அம்பது அம்பதா வர்றது மட்டும் நம்ம பக்கம் பாத்துக்குங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். 2,000 ரூபாய். அந்த வாரம்தான் என் மகளுக்குக் காலேஜில் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். நான் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் உடனே கொடுக்கவில்லை. நாலைந்து நொடி அது என் உள்ளங்கையில் இருந்தது. அந்த நாலைந்து நொடியை நினைத்தால் இன்றைக்கும் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. 2012இல் காசுக்குச் சாயத் தயார் என்று ஒரு டிவி சேனலின் ரகசியக் கேமராவில் சிக்கிய வெளிநாட்டு அம்பயர்களில் ஒருவருக்கு 10 வருடம் தடை போட்டது வங்கதேச வாரியம். சரியான தண்டனை. விலை போனவனுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் மாலைவரை நிற்கிறவனுக்கு 600, ஒரு பக்கம் சாய்ந்தால் 2,000 என்று கணக்கை எழுதி வைத்தது யார்? நான் எழுதவில்லை.

கமிட்டி நடத்தும் தம்பிகளே, உங்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. நீங்கள் வசூல் செய்து, தெருவில் திட்டு வாங்கி, இந்தப் பிள்ளைகளைக் கஞ்சாவுக்கும் அடிதடிக்கும் போகாமல் மைதானத்தில் நிறுத்துகிறீர்கள். நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கோப்பையின் உயரத்தில் ஒரு அடி குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் இரண்டாவது அம்பயரை நிறுத்துங்கள். ஒரு நாள் சித்தாள் கூலியாவது கொடுங்கள். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி அவர் வீட்டில் படுத்துத் தூங்கும் அளவுக்காவது கொடுங்கள். தீர்ப்பு தப்பானால் கூலியில் கை வைக்காதீர்கள். மாநிலச் சங்கங்களே, வாரியங்களே, மேலே தரம் பிரித்தது போதும். கீழே இறங்கி வாருங்கள். பயிற்சி கொடுங்கள். படிக்கிற மாதத்துக்கு ஒரு உதவித்தொகை கொடுங்கள். டெலிவரி பையைத் தூக்கிக்கொண்டு போன என் பையனைத் திரும்பக் கூப்பிட ஒரு காரணத்தை என் கையில் கொடுங்கள்.

வருகிற ஞாயிறு எண்ணூரில் காலிறுதி. எட்டு மணிக்கு டாஸ். சனிக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட், மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள். அந்தக் காசிமேட்டுப் பையனின் டீமும் ஆடுகிறது. லெக் அம்பயர் இன்னும் கிடைக்கவில்லை.